ரெண்டு மார்க்ல போச்சு மக்களே! கிரைம் அனாலிசிஸ் படிப்புல நாங்க என்னதான் பண்றோம்?

வணக்கம் மக்களே, இன்னிக்கு இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது, நேரா மேட்டருக்கு வரேன், ஏன்னா அவ்ளோ கடுப்புல இருக்கேன். அசைன்மென்ட்ல 68 மார்க். இங்க இங்கிலாந்துல மாஸ்டர்ஸ்ல 70 வாங்கினா டிஸ்டிங்ஷன், இத நான் எத்தன வீடியோல சொல்லிருப்பேன், ஸ்டிக்கி நோட்ல 70னு எழுதி கண்ணாடில ஒட்டி வச்சத கூட காட்டினேன்ல? ரெண்டே ரெண்டு மார்க்கு. 55னு போட்டிருந்தா கூட தூங்கிருப்பேன்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி, நான் படிக்கிறது கிரைம் அண்ட் இன்டலிஜென்ஸ் அனாலிசிஸ். எங்க சித்தப்பா ஒவ்வொரு போன்லயும் "எப்பம்மா ரா-ல சேரப்போற"ன்னு கேக்குறாரு, அத்தை என்னடான்னா சீரியல் கில்லர் மனசுக்குள்ள புகுந்து பாக்குற படிப்புன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. அத்தை, நான் பாதி நாள் எக்செல்ல தேதிக் கட்டத்த சரி பண்ணிட்டு உக்காந்திருக்கேன், எந்தக் கில்லரும் இன்னும் வரல.

சரி அசைன்மென்ட். இங்க போலீஸ் டேட்டாவ மாசாமாசம் வெப்சைட்ல போட்ருவாங்க, எந்தத் தெருப்பக்கம் என்ன குற்றம்னு யார் வேணா டவுன்லோட் பண்ணலாம், ஃப்ரீ. நான் வெஸ்ட் மிட்லண்ட்ஸ், அதான் பர்மிங்ஹாம் சுத்துவட்டாரம், எடுத்து, ஒரு வருஷ பர்க்ளரிய, அதாவது உள்ள புகுந்து திருடுறத, மேப்ல போட்டு, ஹாட்ஸ்பாட், அதாவது திருட்டு குமியிற எடம், எங்கன்னு கண்டுபிடிச்சு, ரிப்போர்ட் எழுதி, கிளாஸ்ல ஏ3 கலர் பிரிண்ட்டோட பிரீஃபிங் குடுக்கணும். மேப் போடுற சாஃப்ட்வேர் கியூஜிஐஎஸ், அதுவும் ஃப்ரீ, அதனாலயே எனக்குப் பிடிக்கும். யாருக்கு யாரோட தொடர்புன்னு கோடு போட்டுக் காட்டுற லிங்க் சார்ட்டுக்கான அனலிஸ்ட்ஸ் நோட்புக் சாஃப்ட்வேர் எல்லாம் லேப்லதான், சொந்தக் காசுல வாங்குறதெல்லாம் நமக்கு ஆகாது.

இப்ப என் பெருமைய கேளுங்க. கேஸ் நெருக்கமா இருக்குற எடத்த சிவப்பாக் காட்டுற ஹீட்மேப்புக்கு, ஒவ்வொரு புள்ளியச் சுத்தியும் எவ்ளோ தூரம் சேக்கணும்ங்கிற ரேடியஸ 500னு குடுத்தேன், மீட்டர்னு நெனச்சு. லேப்டாப் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துது, நான் போய் ரசம் வச்சு, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிட்டு வந்தா வெஸ்ட் மிட்லண்ட்ஸ் முழுக்க சிவப்பு. ஒரு இன்ச் விடாம! என்னன்னு பாத்தா டேட்டா லாட்டிட்யூட் லாங்கிட்யூட்ல இருக்கு, அப்போ 500ன்னா 500 டிகிரி. உலக உருண்டையே 360தான்யா! பிரிட்டிஷ் நேஷனல் கிரிட்னு இந்த ஊர் மேப் அளவு முறை ஒண்ணு இருக்கு, சாஃப்ட்வேர்ல அதோட நம்பர் 27700, அதுக்கு மாத்தினாதான் மீட்டர்ல கணக்கு வரும். மாத்தினேன், பதினோரு செகண்ட்ல அழகா ஹாட்ஸ்பாட் வந்து நின்னுச்சு பாருங்க, ராத்திரி ஒன்றரை மணிக்கு தனியா கை தட்டிக்கிட்டேன். ஆனா அதுக்குள்ள அவசரக்குடுக்கையா அந்த செவப்பு மேப்ப ஏ3ல அடிச்சிட்டேன், மூணு காப்பி, ஒண்ணு 1 பவுண்டு 20 பென்ஸ், மூணு அறுபது. மூணு அறுபதுக்கு ரெண்டு கேன் பால் வாங்கலாம், இல்ல பெரிய கொத்தமல்லி கட்டு... சரி விடுங்க.

மார்க் எங்க போச்சுன்னா, ரெண்டு எடத்துல. ஒண்ணு, என் பெரிய ஹாட்ஸ்பாட் விழுந்த எடம் 'பார்க்கிங் ஏரியா பக்கத்துல'ன்னு டேட்டால இருந்துச்சு, நானும் திருடங்க அந்த கார் பார்க்கிங்கத்தான் குறி வைக்கிறாங்கன்னு பக்கம் பக்கமா எழுதிட்டேன். ஓ, இத முன்னாடியே சொல்லிருக்கணும், அந்த வெப்சைட்ல நிஜமான வீட்டு லொகேஷன் இருக்காது. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு தெரியக்கூடாதுன்னு ஒவ்வொரு கேஸையும் பக்கத்துல முன்னாடியே குறிச்சு வச்ச ஒரு புள்ளிக்கு நகர்த்திருவாங்க, அந்தப் புள்ளியச் சுத்தி குறைஞ்சது 8 வீட்டு விலாசம் இருக்கணும், இல்ல ஒண்ணுமே இருக்கக்கூடாது. அப்போ சுத்துப்பட்ட தெரு கேஸெல்லாம் ஒரே புள்ளில குமிஞ்சு கெடக்கும். ஃபீட்பேக்ல மேடம் எழுதிருக்காங்க, "கார் பார்க்கில் எந்த வீட்டில் புகுந்தார்கள்?" அது நியாயம்தான், ஒத்துக்கிறேன். தலகுனிஞ்சு ஒத்துக்கிறேன்.

ஆனா ரெண்டாவது! வார்த்தைக்கு மார்க் கொறச்சிருக்காங்க. அடுத்த மாசமும் அங்க நடக்க "வாய்ப்பு இருக்கலாம்"னு எழுதினேன். இங்க அப்டி எழுதக்கூடாதாம், அதுக்குன்னு ஒரு அளவுகோல் இருக்கு, பிராபபிலிட்டி யார்ட்ஸ்டிக்னு. 'லைக்லி'ன்னா 55லருந்து 75 சதவீதம், 'ஹைலி லைக்லி'ன்னா 80லருந்து 90, 'ரியலிஸ்டிக் பாசிபிலிட்டி'ன்னா 40லருந்து 50க்குள்ள. 'இருக்கலாம்'ங்கிறதுக்கு நம்பரே கிடையாது. ஒரு வார்த்தைக்கு இவ்ளோவான்னு கொதிச்சேன், அப்புறம் சிஐஏ அனலிஸ்ட் ஷெர்மன் கென்ட் கதைய படிச்சு கொஞ்சம் அடங்கினேன். அமெரிக்கால 1951ல, யூகோஸ்லாவியா மேல சோவியத் பக்கம் தாக்குதல் நடத்துமான்னு ஒரு ரிப்போர்ட், அதுல 'சீரியஸ் பாசிபிலிட்டி'ன்னு போட்டாங்க. கென்ட் மனசுல நெனச்சது 65க்கு 35, அதாவது தாக்குதல் நடக்க 65, நடக்காம இருக்க 35. சேந்து எழுதின ஆளுங்ககிட்ட கேட்டா ஒருத்தர் 80க்கு 20ங்கிறாரு, இன்னொருத்தர் 20க்கு 80ங்கிறாரு. ஒரே வரிக்கு எல்லாரும் சரின்னு தலையாட்டிருக்காங்க மக்களே!

நம்ம ஹாஸ்டல் பால் திருட்டு கேஸ் ஞாபகம் இருக்கா, நாலு வீடியோவா ஓடுதே, அத இப்ப முறைப்படி கிரேடு பண்ணிட்டேன். இங்க போலீஸ்ல 3 பை 5 பை 2னு ஒரு முறை, தகவல் சொன்ன ஆள் நம்பகமாங்கிறதுக்கு மூணு கிரேடு, தகவல் எவ்ளோ உறுதிங்கிறதுக்கு அஞ்சு, யார்கூட பகிரலாம்ங்கிறதுக்கு ரெண்டு. மூணாவது மாடி பொண்ணு ஒரு பையனக் காட்டி "யாரோ சொன்னாங்க, அவன்தான் எடுக்குறான்"னா, ஆள் இதுவரை சோதிச்சுப் பாக்காதவ, 2. நேர்ல பாக்கல, காதுவழி, சி. ஆகமொத்தம் 2சி, இத வச்சு எவனையும் கேக்கமுடியாது. நான் போய் கேட்டுட்டேன், அது வேற விஷயம், அவன் சோயா பால் குடிக்கிறவனாம்.

மார்க்க மறுபடி பாக்கச் சொல்லி மெயில் போட்டிருக்கேன். கெடைக்க, ம்ம், 'அன்லைக்லி', 25லருந்து 35ன்னு வச்சுக்கோங்க.

ஆங், அந்த செவப்பு மேப் என்னாச்சுன்னு கமெண்ட்ல கேப்பீங்க. தூக்கிப் போடல, மூணு அறுபது! கிச்சன் ஷெல்ஃப்ல விரிச்சாச்சு, இதோ காட்டுறேன், பர்மிங்ஹாம் மேல மொளகாத்தூள் டப்பா, வால்சால் மேல கடுகு.