ரோகிணிக்கு அருகே ஒரு குழந்தைச் சூரியன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தை மாதத்து முன்னிரவில் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், ஏறக்குறைய உச்சியில் செந்நிறமாய் ஒளிரும் ரோகிணியைக் காணலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை அதற்குச் சற்று வடக்கே பிடியுங்கள். விரலின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. அவ்வளவு தள்ளி, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே புலப்படாத இடத்தில், எச்.எல். டாரி என்னும் இளம் விண்மீன் இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இதுவோ அதற்கு வெகு பின்னால், சுமார் 450 ஒளியாண்டுக்கு அப்பால். இதன் வயது 10 லட்சம் ஆண்டுகளைத் தாண்டாது என்று கணிக்கிறார்கள். 460 கோடி ஆண்டு கண்ட நம் சூரியனை அறுபது வயதுக்காரர் என்று வைத்துக்கொண்டால், இது பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத பிள்ளை.

இந்தப் பிள்ளையைச் சுற்றித் தூசும் வாயுவும் மண்டிக் கிடப்பதால் கண்ணுக்குரிய ஒளி நேராக வெளியே வருவதில்லை. ஆனால் அந்தக் குளிர்ந்த தூசே மில்லிமீட்டர் அலைகளை உமிழ்கிறது. காற்றிலுள்ள ஈரம் அவற்றை விழுங்கிவிடும் என்பதால்தான், சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்து வறண்ட மேட்டில், 66 அலைவாங்கிகள் கொண்ட ஆல்மா தொலைநோக்கியை நிறுவினார்கள். 2014-இல் அலைவாங்கிகளை 15 கிலோமீட்டர் வரை பரப்பி வைத்து அது எடுத்த படத்தில், விண்மீனைச் சுற்றித் தட்டையாய்ப் பரவிய அந்தத் தூசு-வாயு வட்டு ஒளிவளையங்களும் இருள்வளையங்களும் மாறி மாறி அமைந்ததாகத் தெரிந்தது. இவ்வளவு இளம் வட்டு வரியோ வடிவோ இல்லாமல் ஒரே சீராக இருக்கும் என்று எண்ணியிருந்த ஆய்வாளர்கள் திகைத்துப் போனார்கள்.

அந்த வளையங்களை நான் பெரிதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. வட்டிலுள்ள வாயுவை அதன் அழுத்தமே வெளிநோக்கிச் சற்றுத் தாங்குவதால், அந்தத் துணையோடு அது விண்மீனில் விழாமல் சற்று மெதுவாகவே சுற்ற முடிகிறது. தூசுக்கும் கல்லுக்கும் அந்தத் துணை இல்லாததால் அவை வேகமாகச் சுற்றி, எதிர்காற்றில் மிதிவண்டி ஓட்டுபவரைப் போல வேகம் இழந்து, உள்நோக்கிச் சரிகின்றன. பூமி இருக்கும் தொலைவில் ஒரு மீட்டர் அளவுள்ள பாறை, ஏறத்தாழ நூறே ஆண்டுகளில் விண்மீனில் விழுந்துவிடும் என்கிறது கணக்கு. அப்படியானால் கோள்கள் உருவாவது எப்படி? வாயு அழுத்தம் உயர்ந்த வளையம் ஒன்று வழியில் இருந்தால் இந்தச் சரிவு அங்கே நின்று, தூசு தங்கித் திரளும். ஒளிவளையங்கள் அத்தகைய களங்களாக இருக்கக்கூடும். இருள்வளையங்களைக் கோள்கள் துடைத்தனவா, வேறு காரணமா என்பது எச்.எல். டாரியில் இன்னும் உறுதியாகவில்லை, ஆனால் பி.டி.எஸ். 70 என்ற மற்றோர் இளம் விண்மீனின் வட்டு இடைவெளியில் 2018-இலும் 2019-இலும் இரண்டு கோள்களை நேரிலேயே கண்டுவிட்டார்கள்.

நம் சூரியனின் அந்தப் பருவத்துத் தூசு முழுவதும் அழிந்துபோய்விடவில்லை. 1969-இல் மெக்சிகோவில் அயெண்டே என்ற ஊரருகே விழுந்த விண்கல்லை அறுத்துப் பார்த்தால், கருஞ்சாம்பல் கல்லில் வெள்ளை வெள்ளையாய்ச் சிறு திட்டுகள் தெரியும். அவை கால்சியமும் அலுமினியமும் நிறைந்தவை. சூரியனைச் சூழ்ந்திருந்த வெப்ப வாயு குளிர்ந்தபோது முதன்முதலில் உறைந்த துகள்கள். அவற்றின் வயது 456 கோடியே 70 லட்சம் ஆண்டு.