கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கத்தி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நூற்பாலை ஒன்றின் மின் பராமரிப்புப் பிரிவில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் நான். கேபிளின் மேலுறையைச் சீவுவதற்காக எங்களைப் போன்றவர்கள் எந்நேரமும் இடுப்பில் வைத்திருக்கும் சிறு கத்தியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, என் ஆலையில் நடந்தது எதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இடத்தில், 1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. அந்த இடம் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையம்.

அன்று நிலையத்தில் இருந்தவர்கள் தளபதி வசீலி சிபிலியெவ், பொறியாளர் அலெக்சாந்தர் லசூத்கின், அமெரிக்காவிலிருந்து சென்றிருந்த மைக்கேல் ஃபோல் ஆகிய மூவர். புரோகிரஸ் என்ற ஆளில்லாச் சரக்குக் கலத்தை, தானியங்கிக் கருவியின் துணையின்றி, தொலைக்காட்சித் திரையைப் பார்த்தபடியே கையால் ஓட்டி நிலையத்துடன் இணைத்துப் பார்க்கும் சோதனை அன்று நடந்தது. மார்ச் மாதத்தில் இதே சோதனை ஒருமுறை தோற்று, கலம் நிலையத்தை ஒட்டி நழுவிப் போயிருந்தது. இந்த முறை அப்படித் தப்பவில்லை. கீழே மேகங்கள் வெண்மையாக ஓட, அவற்றின் நடுவே நிலையத்தின் உருவத்தைத் திரையில் பிரித்தறிவது கடினமாக இருந்தது. ஏறத்தாழ 7 டன் எடையுள்ள கலம் வேகம் குறையாமல் வந்து, ஸ்பெக்தர் என்னும் ஆய்வுக்கூடத்தின் சூரியத் தகட்டில் மோதி, அதன் சுவரையும் துளைத்துவிட்டது. காதுகள் அடைப்பதைக் கொண்டே காற்று வெளியேறுகிறது என்பதை மூவரும் உணர்ந்தார்கள்.

அப்படிப்பட்ட வேளையில் செய்யக்கூடியவை இரண்டுதான். சோயுஸ் கலத்தில் ஏறி நிலையத்தைக் கைவிட்டுப் பூமிக்குத் திரும்பலாம். அல்லது காற்று கசியும் கூடத்தை மற்றக் கூடங்களிலிருந்து அடைத்துப் பிரிக்கலாம். கலம் எங்கே மோதியது என்பதை லசூத்கின் சன்னல் வழியாகக் கண்ணால் பார்த்திருந்தார். ஆகவே எந்தக் கூடத்தை அடைக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சிறிதும் ஐயம் இருக்கவில்லை. நேராக ஸ்பெக்தரின் வாயிலுக்குச் சென்றார். அங்கேதான் சிக்கல் காத்திருந்தது. அந்த வாயிலை மூட முடியாதபடி அதன் ஊடாகக் கேபிள்களும் காற்றுக் குழாயும் சென்றன.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இது எங்கள் தொழிலின் இடம். ஸ்பெக்தரின் சூரியத் தகடுகள் நிலையத்துக்குத் தேவையான மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தந்துகொண்டிருந்தன. அந்த மின்சாரம் வெளியே வருவதற்குக் கேபிள் வேண்டும், கேபிளுக்கு ஒரு வழி வேண்டும், திறந்திருக்கும் வாயில்தான் கைக்கு எளிய வழி. ஆலைகளிலும் இதைத்தான் செய்கிறோம். தீத்தடுப்புக் கதவின் கீழே தற்காலிகமாக ஒரு கேபிளை இழுத்துவிட்டு, அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கதவு கதவாகப் பயன்பட வேண்டிய ஒரே ஒரு நாள் வரும்வரை அது யாருக்கும் குறையாகத் தோன்றுவதில்லை.

லசூத்கின் முதலில் செய்தது அறுப்பதன்று. இணைப்பிகள் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சோயுஸை ஆயத்தப்படுத்தச் சென்றிருந்த ஃபோலும் வந்து உதவினார். கழற்ற முடியாமல் எஞ்சியவற்றை லசூத்கின், வழக்கமாகக் கம்பிகளின் உறையைச் சீவப் பயன்படுத்தும் ஒரு சிறிய கத்தியால் அறுத்தார். ஒரு கேபிளில் கத்தி பட்டதும் தீப்பொறி பறந்தது. அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அறுக்காமல் விட்டு, அது எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று தேடிப்பிடித்துக் கழற்றினார். மின்சாரத்தை நிறுத்தி, அது நின்றுவிட்டதைச் சோதித்து, அதன் பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும் என்பது நாங்கள் பயிற்சி பெற வருபவர்களுக்குச் சொல்லித்தரும் முதற்பாடம். அந்தப் பாடத்தைப் பின்பற்ற அவருக்கு நேரம் இருக்கவில்லை. ஆயினும் காற்றழுத்தம் குறைந்துகொண்டிருந்த அந்த நிமிடங்களில்கூட, கழற்றக்கூடியதைக் கழற்றி, முடியாததை மட்டும் அறுத்து, நெருப்பு எழுந்த இடத்தில் கையைப் பின்னிழுத்த அந்த நிதானம் எனக்குப் பெரும் மதிப்பைத் தருகிறது. பதற்றத்தில் கண்டபடி வெட்டியிருந்தால், அதே ஆண்டு பிப்ரவரியில் அதே நிலையத்தில் மூண்டதைப் போன்ற தீ மீண்டும் மூண்டிருக்கக்கூடும். அந்தத் தீயின்போதும் லசூத்கின் அங்கே இருந்தவர்தான்.

வாயில் காலியானதும் ஸ்பெக்தரின் சொந்தக் கதவை இழுத்து மூட முயன்றார்கள். வெளியேறும் காற்று அதை எதிர்த்துத் தள்ளியதால் முடியவில்லை. அருகில் கட்டி வைக்கப்பட்டிருந்த மூடிகளில் எடை குறைந்த ஒன்றை எடுத்து, வெளிப்புறமிருந்து வாயிலின் மேல் வைத்தார்கள். தப்பிச் செல்ல முயன்ற காற்றின் அழுத்தமே அந்த மூடியை வாயிலோடு இறுக்கி அழுத்தியது. அழுத்தம் குறைவது நின்றது. நிலையம் பாதி மின்சாரத்தை இழந்தது; ஸ்பெக்தரில் தூங்கிவந்த ஃபோல் தம் உடைமைகளையும் ஆய்வுப் பொருள்களையும் இழந்தார்; ஆனால் மூவரும் உயிரோடு, தங்கள் வேலையிடத்தை விட்டு நீங்காமல் இருந்தார்கள்.

அந்த நிலையத்தின் வாசலில் கத்தி பயன்பட்டது அதுவே முதல் முறையன்று. 1995 நவம்பரில் அட்லாண்டிஸ் விண்வெளி ஓடம், ரஷ்யாவில் செய்யப்பட்ட இணைப்புக்கூடம் ஒன்றை மிர் நிலையத்துக்கு எடுத்துச் சென்றது. கனடாவின் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் ஓடத்தின் இயந்திரக் கையால் அந்தக் கூடத்தைத் தூக்கிப் பொருத்தினார். நவம்பர் 15-ஆம் நாள் ஓடமும் நிலையமும் இணைந்தன. மறுபுறத்தில் நிலையத்தின் குழுவினர் காத்திருந்தார்கள். ஆனால் ஏவும்போது ஏற்படும் அதிர்வுக்குத் தாங்க வேண்டும் என்று தரையில் இருந்த தொழிலாளர்கள் அந்தக் கூடத்தின் கதவைப் பட்டைகளாலும் ஒட்டுநாடாவாலும் அடுக்கடுக்காகக் கட்டிவிட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளைப் பத்திரமாக அனுப்புவது அவர்கள் பொறுப்பு, திறப்பது அடுத்தவர் பொறுப்பு, இரண்டு பொறுப்புகளுக்கும் நடுவில்தான் இத்தகைய முடிச்சுகள் விழுகின்றன. ஹாட்ஃபீல்ட் தம்மிடம் இருந்த சுவிஸ் மடக்குக் கத்தியை எடுத்துக் கட்டுகளை அறுத்துக் கதவைத் திறந்தார். பூமியை விட்டுக் கிளம்பும்போது அப்படியொரு கத்தி இல்லாமல் கிளம்பக்கூடாது என்று அவர் பின்னர் எழுதினார்.

அந்தக் கத்தி பிறந்ததும் வேலையின் தேவைக்காகத்தான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்து இராணுவத்தின் புதிய துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி தேவைப்பட்டது. உணவு தகர டப்பாக்களில் வந்தது. ஆகவே அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கையும் ஒரே மரப்பிடிக்குள் மடக்கிய கத்தியை ஒவ்வொரு வீரருக்கும் தருவது என்று முடிவாயிற்று. 1891-இல் வந்த முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்டவை; பின்னர் கார்ல் எல்சனர் என்ற சுவிஸ் கத்திக் கொல்லர் அந்த வேலையைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். திருப்புளி வேறு பெட்டியிலும், டப்பா திறப்பான் சமையல் வண்டியிலும் இருந்தால் பயனில்லை என்று யாரோ ஒருவர் எண்ணியதன் விளைவு அது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், எங்கள் பிரிவின் மூத்த தொழிலாளி ஒருவர் என் கத்தியைக் கருவிப்பெட்டிக்குள் பார்த்துவிட்டு, "தம்பி, பெட்டி அங்கே இருக்கும், நீ இங்கே இருப்பாய், கத்தி எங்கே இருக்க வேண்டும்?" என்று கேட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அதைத் தீட்டி அவரிடம் காட்ட வேண்டும். மழுங்கிய கத்தி கேபிளை விட்டு வழுக்கிக் கையைத்தான் அறுக்கும் என்பார். லசூத்கினின் கத்தி அந்நேரத்தில் எங்கோ ஒரு பெட்டியில் பூட்டிக் கிடந்திருந்தால், அல்லது தீட்டப்படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் அந்த அண்ணனின் முகம் எனக்குத் தோன்றும்.

மோதலுக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்குப் பின்னர், ஆகஸ்டு 22-ஆம் நாள், புதிதாக வந்திருந்த அனத்தோலி சலவியோவ், பாவெல் வினகிராதவ் ஆகிய இருவரும் விண்வெளி உடை அணிந்து, காற்றற்றுக் கிடந்த ஸ்பெக்தரின் வாயிலைத் திறந்தார்கள். பழைய மூடி நின்ற இடத்தில் அவர்கள் வேறொரு மூடியைப் பொருத்தினார்கள். மின் இணைப்பிகளைத் தன் உடலிலேயே கொண்ட மூடி அது. சூரியத் தகடுகளிலிருந்து வரும் கேபிள்கள் அதன் உட்புறத்தில் வந்து சேர்ந்தன. நிலையத்துக்குச் செல்லும் கேபிள்கள் வெளிப்புறத்திலிருந்து கிளம்பின. வாயில் மூடியிருந்தது; மின்சாரமும் வந்தது.

நன்றி, வணக்கம்.