வலைப்பூ எழுதி என்ன பயன்? தாராவித் தங்கையின் சந்தேகம்

அடுத்த கேள்வி மும்பை தாராவியிலிருந்து ஒரு தங்கை அனுப்பியது. "அண்ணா, வலைப்பூ, அதாவது பிளாக், தொடங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தக் காலத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள், ரீல்ஸ் போட்டாலாவது நாலு பேர் பார்ப்பார்கள் என்கிறார்கள். எழுதினால் ஏதாவது பயன் உண்டா? செல்வாக்கு கிடைக்குமா?"

தங்கச்சி, நானே இதில் கத்துக்குட்டி. வலைப்பூ தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அந்த எட்டு மாதத்தில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆசை ஆசையாக மாட்டுங்காவைப் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதினேன். பூக்கடை, காப்பிப்பொடி வாசனை, தாத்தா காலத்துக் கதை எல்லாம் அதில் இருந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். படித்தவர்கள் பன்னிரண்டு பேர். அதில் நாலு பேர் என் சித்தி வீட்டு ஆட்கள். சித்தி படித்தாரா, திறந்து மட்டும் பார்த்தாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அரை மணி நேரத்தில் ஒரு சின்னப் பதிவு போட்டேன். திருநெல்வேலி வண்டியில் தாதர் வந்து இறங்குகிறவர் தாராவிக்கு எப்படிப் போவது என்று. மத்திய ரயில்வே லோக்கலில் ஏறினால் மாட்டுங்கா, அடுத்தது சயான். மேற்கு ரயில்வே பக்கம் போனால் மாட்டுங்கா ரோடு, அடுத்தது மாஹிம். தாராவி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போகிற வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள், அவ்வளவுதான் விஷயம். அதற்கு இன்றைக்கும் ஆள் வருகிறது.

ஆனால் அதில் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். தாதரில் முன்பு இரண்டு ரயில்வேக்கும் தனித்தனியாக ஒன்று, இரண்டு என்று பிளாட்பார எண்கள் இருந்தன. 2023 டிசம்பரில் அதை மாற்றினார்கள். மேற்குப் பக்கம் 1 முதல் 7, மத்தியப் பக்கம் 8 முதல் 14. நான் பிறந்து வளர்ந்த ஊராச்சே! பழைய ஞாபகத்தில் சயான் போக ஒன்றாம் பிளாட்பாரம் என்று எழுதிவிட்டேன். எட்டு என்று எழுதியிருக்க வேண்டும்.

ஒரு அக்கா பின்னூட்டம் போட்டிருந்தார். ஊரிலிருந்து வந்த அவருடைய மாமா என் பதிவை நம்பி, இரண்டு பெட்டியோடு பாலம் ஏறி, மேற்குப் பக்கம் ஒன்றாம் பிளாட்பாரத்தில் போய் நின்று சயான் வண்டி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. செல்வாக்கு என்று கேட்டாயே, எனக்குத் தெரிந்த செல்வாக்கு அதுதான். முகம் தெரியாத ஒரு பெரியவர் நான் எழுதியதை நம்பிப் பெட்டி தூக்கியிருக்கிறார்.

அன்றைக்கே திருத்தினேன். பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டு, எப்போது மாற்றினேன் என்றும் எழுதினேன். இதையே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் எந்தெந்தக் குழுவுக்குப் போயிருக்குமோ, யாரைப் பிடித்துத் திருத்துவது? ரீல்ஸும் அப்படித்தான், பார்க்கிறவர் அதிகம், ஆனால் போன மாதம் பார்த்ததைத் தேடி எடுத்துப் பார், தெரியும்.

ஒரு காலத்தில் படிக்க ஆள் தயாராக இருந்தார்கள். தமிழில் வலைப்பதிவு பரவ ஆரம்பித்த நேரத்தில், 2004இல், பல வலைப்பூக்களின் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் என்ற திரட்டி வந்தது. புதிதாக யார் எழுதினாலும் அங்கே தெரியும். எழுதுகிறவர்களே ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதுபோல் போய்ப் படித்துப் பின்னூட்டம் போட்டுக்கொண்டார்கள், சண்டையும் போட்டுக்கொண்டார்கள். இப்போது கூகுளில் எதையோ தேடி வருகிறவர்தான் வாசகர். அவருக்கு ஒரு தேவை இருக்கிறது, நம்மை யாரென்று தெரியாது. அதனால் உன் மனதில் தோன்றுவதை எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் கூட்டம் வரும் என்று உட்கார்ந்திருக்காதே.

தேவைப்படுகிறவருக்கு வலைப்பூ இப்படி உதவுவது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, நம் மும்பைக்காரர்கள் சிலர் தொடங்கிய ஒரு கூட்டு வலைப்பூ, எங்கே என்ன உதவி வேண்டும், யாரைத் தொடர்பு கொள்வது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்தது. பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து அதில் எழுதினார்கள். அங்கேயும் தேவைப்பட்டது முகவரியும் தொலைபேசி எண்ணும்தான், அலங்கார நடை இல்லை.



நீ தாராவியில் இருக்கிறாய். மாநகராட்சி இங்கே தமிழ்வழிப் பள்ளியும் நடத்துகிறது. ஊரிலிருந்து பிள்ளையோடு வருகிற ஒரு தாய்க்கு அதில் சேர்க்க என்னென்ன காகிதம் கொண்டுபோக வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? இதைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று நானும் தேடினேன், சரியாகக் கிடைக்கவில்லை. நேரில் பள்ளிக்கே போய்க் கேட்டு, தேதி போட்டு எழுது. என்னைப்போல் ஞாபகத்திலிருந்து எழுதாதே. நான் இப்போதெல்லாம் தாதர் வழியாகப் போகும்போது, வேலை இல்லாவிட்டாலும் இறங்கி, பிளாட்பாரப் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வண்டி ஏறுகிறேன்.