நெடுந்தொடர் சாகச மங்கா எங்கே தளர்கிறது? – உங்கள் சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ் பற்றி இந்த வாரம் வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஒன் பீஸ் ஆயிரம் அத்தியாயம் தாண்டியும் விடாமல் படிக்கிறேன். ப்ளீச்சை சோல் சொசைட்டி பகுதி முடிந்து கொஞ்சத்திலேயே நிறுத்திவிட்டேன். ஃபேரி டெயிலும் பாதியில் சலித்துவிட்டது. கதை நீண்டுபோவதுதான் பிரச்சினையா? நிறுத்தியதை மறுபடி எடுக்கலாமா?"

நீளம் பிரச்சினை இல்லை தம்பி. நீளம்தான் குறை என்றால் 1997இல் தொடங்கிய ஒன் பீஸை நீங்கள் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குப் படுவது வேறு. சாகசக் கதையில் ஊரும் தூரமும் உயிரோடு இருக்கும்வரை எத்தனை அத்தியாயம் போனாலும் கதை ஓடும். ஊர் வெறும் சண்டைக்களமாகி, தூரம் என்பதே இல்லாமல் போகும்போது தளர ஆரம்பிக்கிறது. வில்லன் போதவில்லை, பவர் ஸ்கேலிங் (யார் யாரைவிட எவ்வளவு பலசாலி என்கிற கணக்கு) சரியில்லை என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் அதற்கு அப்புறம் வருகிற கோளாறுகள். இனி நிறையக் கதைகளின் முடிவைப் பேசுவேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒன் பீஸ், கடற்கொள்ளைக்காரன் லூஃபியும் கூட்டாளிகளும் தீவு தீவாகப் போகிற கதை. அதில் அலபாஸ்டாவை எடுத்துக்கொள்வோம். அது பாலைவன நாடு. மழை இல்லை. க்ரோக்கடைல் என்கிற வில்லன் டான்ஸ் பவுடரை வைத்துச் சதி செய்கிறான். ஓர் இடத்தில் மழையை வரவழைத்து, பக்கத்து ஊருக்கு வர வேண்டிய மழையைத் திருடுகிற பொடி அது. பழி ராஜா மேல் விழுகிறது, நாடு உள்நாட்டுப் போர் வரை போகிறது. நடுவில் யூபா என்று மணல் மூடிப்போன ஓர் ஊர். அங்கே டோட்டோ என்கிற பெரியவர் விடிய விடியத் தோண்டி, கிடைத்த கொஞ்சம் தண்ணீரை லூஃபியிடம் கொடுத்து அனுப்புகிறார். க்ரோக்கடைலின் உடம்பு மணல், அடித்தால் உதிர்ந்து மறுபடி சேர்ந்துவிடும். தண்ணீர் பட்டால் இறுகும், அடி விழும் என்பது லூஃபிக்கு அந்தத் தண்ணீரால்தான் தெரியவருகிறது. சண்டைக்கான விடை அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து, ஒரு கிழவரின் உழைப்பிலிருந்து வருகிறது. அதை வேறு எந்தத் தீவுக்கும் மாற்றி எழுத முடியாது.

இதையே 2015இல் வந்த, ட்ரெஸ்ரோசா தீவில் டோஃப்லமிங்கோ என்கிற வில்லனுடனான சண்டையோடு வைத்துப் பாருங்கள். அங்கே லூஃபி காட்டுவது கியர் ஃபோர்த் என்கிற சக்தி. நாம் பார்க்காத இரண்டு வருடத்தில், வேறு ஏதோ தீவில் பயிற்சி எடுத்துக் கொண்டுவந்தது. வரைந்த விதம் பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் ட்ரெஸ்ரோசாவுக்கும் அந்தச் சக்திக்கும் ஒட்டு உறவு கிடையாது. எந்த வில்லனுக்கு எதிராகவும், எந்த ஊரிலும் அதை இறக்கியிருக்கலாம். இத்தனைக்கும் ட்ரெஸ்ரோசா தொடங்கிய விதம் அபாரம். மனிதர்கள் பொம்மையாக்கப்படுகிறார்கள், ஆன கணத்திலேயே பெற்ற பிள்ளைக்குக்கூட அவர்கள் நினைவு அழிந்துபோகிறது. அப்படி ஒரு ஊரைப் படைத்துவிட்டுக் கடைசியில் பெரிய கைமுஷ்டியில் முடித்தது எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

தூரத்துக்கு வருகிறேன். ஒன் பீஸில் லாக் போஸ் என்று ஒரு திசைகாட்டி உண்டு, தெரியும். அடுத்த தீவின் காந்தப் புலம் அதில் பதிகிறவரைக்கும் இந்தத் தீவைவிட்டுக் கிளம்ப முடியாது. சில இடத்தில் சில மணி நேரம், சில இடத்தில் மாதக்கணக்கு. ஒன் பீஸை எழுதி வரைகிற எய்இச்சிரோ ஓடா செய்ததிலேயே புத்திசாலித்தனமான வேலை இது என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஒவ்வொரு ஊரிலும் தங்கியே ஆக வேண்டும். தங்கினால் சாப்பிட வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், அவர்கள் பிரச்சினை காதில் விழும். கப்பலும் அப்படித்தான். கோயிங் மெர்ரி கடல் கடலாக அடி வாங்கி, வாட்டர் செவனில் தச்சர்கள் பார்த்துவிட்டு அடிக்கட்டை போய்விட்டது, இனி ஓடாது என்று சொல்லும்போது கூட்டாளி உசோப்பு அழுவதும் லூஃபியோடு மோதுவதும் நம்மையும் உலுக்குகிறது. நாமும் அந்தக் கப்பலில் அத்தனை தூரம் வந்திருக்கிறோம்.

இப்போது ட்ராகன் பால். 1984இல் தொடங்கியபோது அது நல்ல ஊர்சுற்றிக் கதை. ட்ராகன் பால் என்கிற பந்துகளைத் தேட புல்மா கையில் ரேடார், மேகத்தில் ஏறிப் பறக்கிற கதாநாயகன் கோக்கு, வழியில் ஊர்கள், விசித்திரமான ஆட்கள். அப்புறம் கோக்கு தானாகவே பறக்கக் கற்றுக்கொள்கிறான், மேகம் தேவையில்லை. நமெக் கிரகத்துக்குப் போகும்போதுகூட கோக்குவுக்கு ஆறு நாள் பிடிக்கிறது. அந்த ஆறு நாளில் நூறு மடங்கு ஈர்ப்புவிசையில் அவன் உடம்பை வருத்துவதால்தான் போய் இறங்குகிற காட்சிக்கு அவ்வளவு எடை. அதற்குப் பிறகு வருவது நினைத்த இடத்தில் நொடியில் தோன்றும் வித்தை. அதோடு தூரம் செத்தது. மிச்சம் இருப்பது யார் பெரியவன் என்கிற கேள்வி மட்டும். பாறையும் பொட்டல்வெளியுமாகவே களங்கள் வருவதைக் கவனியுங்கள். அங்கே யாரும் குடியிருப்பதில்லை.

ட்ராகன் பாலை எழுதிய டோரியாமாவை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. வார இதழ் நடக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் கதைகள் பலவும் வந்த ஷோனென் ஜம்ப் இதழ் வாராவாரம் வருவது. உள்ளே ஒரு அஞ்சலட்டை இருக்கும். எந்த மூன்று கதை பிடித்தது என்று வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். தொடர்ந்து கீழே கிடக்கிற கதை நிறுத்தப்படும். ட்ராகன் பாலே ஆரம்பத்தில் வரவேற்பில் சரிந்துதான் இருந்தது. பயிற்சியும் தற்காப்புக்கலைப் போட்டியும் வந்த பிறகுதான் ஏறியது. அந்தப் பாடத்தை மற்ற எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1994 கடைசியில் ஜம்ப் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது என்றால் அதில் இந்தச் சண்டைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இருபது பக்கம்கூட இல்லாத ஒரு வாரத்தில், பாத்திரங்கள் நடந்து போகிற அத்தியாயத்தைவிட ஓங்கி அடிக்கிற அத்தியாயத்துக்குத்தான் அட்டை வரும். ட்ராகன் பாலின் ஆண்ட்ராய்டு கதையில் வில்லன் மாறிக்கொண்டே போவதற்கு, அவருடைய பழைய பதிப்பாசிரியர் டோரிஷிமா போன் செய்து "கிழவனும் குண்டனுமா வில்லன்?" என்கிற மாதிரி குறைப்பட்டதும் அடுத்த பதிப்பாசிரியரின் கருத்துகளும் காரணம் என்று டோரியாமாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். செல் என்கிற வில்லன் பிறந்தது அப்படித்தான். எழுதுகிறவருக்கே அடுத்த மாதம் எதிரி யார் என்று தெரியாத நிலை. அந்த நெருக்கடியிலும் அவர் இழுத்துச் சென்ற விதத்தை மதிக்கிறேன்.

நிஞ்ஜாக்களின் கதையான நருடோவில் இந்தச் சரிவு இன்னும் பளிச்சென்று தெரியும். அலை நாட்டுப் பகுதி நினைவிருக்கிறதா? ஏழை நாடு. கப்பல் முதலாளி காட்டோ கடல்வழியைக் கையில் வைத்திருக்கிறான். பாலம் கட்டினால் அவன் பிடி தளரும். பெரிய பணிக்குக் கொடுக்கக் காசில்லாமல், பாலம் கட்டுகிற டசுனா நிஞ்ஜாக்களிடம் பொய் சொல்லிச் சின்னப் பணியாகப் பதிவு செய்கிறார். காட்டோவின் கூலியாட்களான சபுசாவும் ஹக்குவும் சாவது அந்தப் பாலத்தின் மேல். பாலம் இல்லை என்றால் அந்தக் கதையே இல்லை. கடைசிக்கு வாருங்கள். மதாரா என்று இத்தனை வருடம் வளர்த்த எதிரியைத் தள்ளிவிட்டு ககுயா வருகிறாள். ககுயா கண்ணசைத்தால் எரிமலை, பனி, மணல் என்று உலகமே மாறுகிறது. கணக்குக்கு அத்தனை இடங்கள். ஆனால் ஒன்றிலும் ஒரு குடும்பம் இல்லை, ஒரு கடை இல்லை. மிரட்சியாக இருக்கிறது, பயம் வரவில்லை.

ப்ளீச்சை நீங்கள் நிறுத்திய இடம் தற்செயல் இல்லை தம்பி. சோல் சொசைட்டி என்கிற ஆவி உலகத்தில் பதின்மூன்று படைப்பிரிவு, உள்ளே மதில் சூழ்ந்த நகரம், வெளியே ருகோங்காயின் வறுமை, பிரபுக் குடும்பங்களின் சட்டம் எல்லாம் சேர்ந்து ஒரு நாடு இருந்தது. அந்தப் படையைச் சேர்ந்த ருகியாவுக்கு ஏன் மரண தண்டனை, அண்ணன் பியாகுயா ஏன் தடுக்கவில்லை என்பதெல்லாம் அந்த நாட்டின் வழக்கத்திலிருந்து வந்தவை. அடுத்த பகுதி ஹுவேகோ முண்டோ. மறுபடியும் கடத்தப்பட்ட ஒரு பெண்ணை மீட்கப் போகிறார்கள், இந்த முறை வெள்ளை மணல், வெள்ளைக் கோட்டை. இன்னொரு பக்கம் தளபதிகள் மோதுவது போலி கராகுரா நகரத்தில். நிஜ நகரத்தை மக்களோடு அப்புறப்படுத்திவிட்டு வைத்த நகல் அது. இடிந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. ப்ளீச்சை வரைந்த டைட் குபோ அளவுக்கு உடையையும் வாளையும் நிற்கும் தோரணையையும் வரையக் கூடியவர்கள் குறைவு. ஆனால் பின்னணி வெறுமையாகிக்கொண்டே போக, உலகமும் வெறுமையாகிவிட்டது.

ஃபேரி டெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் மந்திரவாதிகளின் கில்டில் (சங்கத்தில்) ஒரு வேலைப் பலகை இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். போகப்போக எதிரிகள் வீடு தேடி வர ஆரம்பிக்கிறார்கள். தென்ரோ தீவில் ஏழு வருடம் உறைந்து கிடந்தும் அந்த ஏழு வருடத்தின் வலி கொஞ்சத்தில் கரைந்துவிடுகிறது. இறந்தவர்கள் எழுந்து வருகிறார்கள், கில்டின் தலைவர் மகரோவ் உட்பட. இந்தக் குறை ஒன் பீஸிலும் உண்டு. அலபாஸ்டாவில் குண்டைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் பறந்த காவல் வீரன் பெல் உயிரோடு திரும்பியதை நான் இன்னும் ஏற்கவில்லை.

இதற்கு மாறாக ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட். மாத இதழில் வந்தது, 2001 முதல் 2010 வரை, 108 அத்தியாயம். இதை எழுதிய ஹிரோமு அரகாவா கதை நடக்கிற நாட்டின் வரைபடத்தையே ரகசியமாக வைத்தார். ஆமெஸ்ட்ரிஸ் என்கிற அந்த நாடு ஏன் வட்டமாக இருக்கிறது, எல்லைகளில் ஏன் இத்தனை ரத்தக்களரி என்பதற்கெல்லாம் ஒரே விடை. நாடே ஓர் உருமாற்ற வட்டம், அதாவது ரசவாத வித்தைக்கு வரைகிற வட்டம். படுகொலைகள் அதன் புள்ளிகள். தொடக்கத்தில் போலிச் சாமியாரைத் தோலுரித்துவிட்டு நாயகர்களான சகோதரர்கள் கடந்துபோன லியோரும் அதில் ஒரு புள்ளி. நாம் பார்த்து மறந்த ஊர் கதையின் நடுவே வந்து நிற்கிறது. எதற்கும் விலை உண்டு என்கிற விதியையும் கடைசிவரை கைவிடவில்லை. தம்பியை மீட்க எட்வர்ட் தன் வித்தையையே கொடுக்கிறான்.

ஹன்டர் ஹன்டரிலும் இதே அக்கறை இருக்கிறது. எதிரிகளான கைமேரா எறும்புகள் வளர்ந்தது இயந்திரங்களையே மறுக்கும் என்ஜிஎல் பகுதியில். வெளியுலகத் தொடர்பு இல்லாததால்தான் யாருக்கும் தெரியாமல் அவை பெருகுகின்றன. அதை எழுதுகிற டோகாஷிக்கு வந்த சோதனை வேறு, அவர் முதுகு. 2018 நவம்பரிலிருந்து 2022 அக்டோபர்வரை ஒரு அத்தியாயமும் வரவில்லை. பெர்செர்க் மங்காவை வரைந்த கென்டாரோ மியுரா 2021 மே மாதம் 54 வயதில் காலமானார். நாம் கதையின் தளர்ச்சி என்று எளிதாகச் சொல்லிவிடுவதில் பாதி, மேசையில் குனிந்து பல பத்தாண்டுகள் வரைந்த ஒருவரின் உடல் தளர்ச்சி. அடுத்த முறை ஓடா விடுப்பு என்று அறிவிப்பு வந்தால் கருத்துப் பெட்டியில் தயவுசெய்து திட்டாதீர்கள்.

சரி, ஒன் பீஸ் மட்டும் தளரவில்லையா? தளர்ந்தது. வானோ நாட்டுப் பகுதியின் முன்பாதியில் ஆலைக் கழிவால் நஞ்சான ஆறு, அந்தத் தண்ணீரைக் குடித்து விழுகிற சிறுமி டாமா, தின்ற பழத்தால் அழவே முடியாமல் சிரிக்கிற எபிசு மக்கள் எல்லாம் வருகிறார்கள். எபிசு ஊர்க்காரர் யசுயி சாகும்போது அந்த மக்கள் சிரிக்கிற காட்சி ஓடா எழுதியதிலேயே மிகக் கனமான ஒன்று. அப்புறம் கதை ஒனிகஷிமா தீவுக்குப் போகிறது. ஓர் இரவுச் சண்டை, நமக்கு இரண்டு வருடம். தீவையே பெயர்த்து வானத்தில் மிதக்கவிடுகிறார்கள். டஜன் கணக்கில் ஆட்கள், கட்டங்கள் நெரிசல். தரையில் இருந்த பசியும் ஆறும் கண்ணிலிருந்து மறைகின்றன. ஆனாலும் லூஃபி கடைசியில் மறுபடி சாப்பாட்டைப் பற்றியே பேசுவதால் பிழைத்தது. பழைய கடனையும் ஓடா தீர்க்கிறார். லிட்டில் கார்டன் தீவில் டோரி, ப்ரோகி என்கிற ராட்சத வீரர்களைப் பார்த்து உசோப்பு அவர்கள் ஊரான எல்பாஃபுக்குப் போக ஆசைப்பட்டது 2000 வாக்கில், கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது 2024இல். கால் நூற்றாண்டு தள்ளியிருந்த ஊர் என்பதால்தான் அந்த வருகை நமக்கும் பெரிதாக இருந்தது.

இனி நிறுத்தியதை எடுக்கலாமா என்பது. ஃபேரி டெயிலில் தென்ரோ தீவு தாண்டியிருந்தால் வற்புறுத்த மாட்டேன். ப்ளீச்சை எடுங்கள். ஹுவேகோ முண்டோ சண்டைகளை வேகமாகக் கடந்துவிடுங்கள். நடுவில் டர்ன் பேக் த பெண்டுலம் என்று 110 வருடம் முந்தைய பகுதி வரும், அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சோல் சொசைட்டி பழையபடி தெருவும் ஆட்களுமாகத் திரும்பி வருகிற இடம் அது. கடைசிப் போரை மங்காவில் அவசரமாக முடித்திருக்கிறார்கள். 2022 முதல் வருகிற அனிமேயில் (கார்ட்டூன் தொடரில்) குபோவின் பங்களிப்போடு காட்சிகள் சேர்த்திருப்பதால், அந்தப் பகுதிக்கு அதையே பாருங்கள்.