என் பழைய கடவுச்சொல் எனக்கே கடிதமாக வந்தது

வணக்கம். இன்றைய பதிவுக்காக இரண்டு பொருட்களை மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று, 2018-ஆம் ஆண்டு எனக்கு வந்த ஒரு மின்னஞ்சலின் அச்சுப்படி. மற்றொன்று, காக்கி அட்டை போட்ட, மூலை மடங்கிப்போன ஒரு நாற்பது பக்க நோட்டு. அது என் அப்பாவுடையது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த மின்னஞ்சலின் தலைப்பு வரியை நான் கறுப்பு மையால் அடித்திருப்பது கேமராவில் தெரிகிறதல்லவா? அந்த இடத்தில் இருந்தது என்னுடைய கடவுச்சொல். வேறு ஒரு சொல்லும் இல்லை, கடவுச்சொல் மட்டுமே தலைப்பு. உள்ளே, என் கணினியின் கேமரா வழியாக என்னைப் படம்பிடித்துவிட்டதாகவும், குறிப்பிட்ட தொகையை பிட்காயினாக அனுப்பாவிட்டால் அந்தப் படத்தை எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடப் போவதாகவும் எழுதியிருந்தது. அப்போது என்னிடம் இருந்த மேசைக் கணினியில் கேமராவே கிடையாது என்பதால், மிரட்டல் பொய் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் கடவுச்சொல் பொய்யில்லையே! அது பல ஆண்டுகளாக நான் பயன்படுத்தி வந்த சொல். வயிறு கலங்கிப்போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, மின்கட்டணம் கட்டும் கணக்கு, பழைய மின்னஞ்சல், இரண்டு கடைகள் என்று பதினொரு இடங்களில் அதே சொல்லை வைத்திருந்தது தெரியவந்தது.

அனுப்பியவனுக்கு என்னைத் தெரியாது. நான் எப்போதோ கணக்குத் திறந்து, பின்பு மறந்தே போன ஒரு தளத்திலிருந்து திருடப்பட்ட பட்டியலை எங்கோ வாங்கி, அதில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் கடவுச்சொல்லையே தலைப்பாக வைத்து நிரல் ஒன்றின் மூலம் அனுப்பியிருக்கிறான். அந்த ஆண்டில் உலகம் முழுவதும் ஏராளமானோருக்கு இதே கடிதம் போயிற்று. ஒரு தளத்திலிருந்து தரவு கசிந்துவிட்டால் நாம் அந்தத் தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். திருடனோ அந்தத் தளத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையில் கிடைத்த சாவியை ஊரில் உள்ள மற்றப் பூட்டுகளில் எல்லாம் போட்டுப் பார்க்கிறான். இந்தப் பதிவு முழுக்க அந்த மற்றப் பூட்டுகளைப் பற்றியதுதான்.

உலகம் அறிந்த ஓர் உதாரணத்தைச் சொன்னால் இது எவ்வளவு நீண்டகால விவகாரம் என்பது விளங்கும். 2012 ஜூன் மாதத்தில், வேலை மற்றும் தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தின் ஏறத்தாழ 65 லட்சம் கடவுச்சொற்கள் குறிமாற்றிய வடிவில் இணையத்தில் வெளியாயின. பாதிக்கப்பட்டதாகக் கருதிய கணக்குகளின் கடவுச்சொற்களை நிறுவனம் செல்லாததாக்கியது, செய்தி ஓய்ந்துவிட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 மே மாதத்தில், அதே திருட்டைச் சேர்ந்த 11.7 கோடிக் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் விற்பனைக்கு வந்தன. நான்கு ஆண்டுகளாக அவை யாரிடம் இருந்தன, எத்தனை கை மாறின என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதமே மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர் கணக்கையும் பின்ட்ரெஸ்ட் கணக்கையும் ஒரு குழு கைப்பற்றிக் காட்டியது. லிங்க்ட்இன் பட்டியலில் கிடைத்த ‘டாடாடா’ என்ற கடவுச்சொல்லைக் கொண்டே நுழைந்ததாக அந்தக் குழு சொல்லிக்கொண்டது. பேஸ்புக்கை உருவாக்கியவரே ஒரே சாவியைப் பல பூட்டுகளுக்கு வைத்திருந்தார் என்றால், நாம் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் ட்ராப்பாக்ஸ் நிறுவனத்திலும், ஏற்கெனவே திருடப்பட்டிருந்த கடவுச்சொல் ஒன்றைக் கொண்டு ஒரு பணியாளரின் கணக்குக்குள் நுழைந்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் 6.8 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் 2012-இல் திருடுபோனவை என்பது 2016-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

‘குறிமாற்றிய வடிவில்’ என்றேனே, அதை விளக்கிவிடுகிறேன். நல்ல தளங்கள் நம் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. அதை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, திரும்பப் பிரிக்க முடியாத ஓர் எழுத்துத் தொடராக மாற்றி வைத்துக்கொள்கின்றன. இதை ஹேஷ் என்பார்கள். அரிசியை மாவாக அரைத்த பிறகு மீண்டும் அரிசியாக்க முடியாதல்லவா, அதைப் போல. ஆனால் ஒரே சொல்லை அரைத்தால் எப்போதும் ஒரே மாவுதான் வரும். ஆகவே திருடன் லட்சக்கணக்கான சொற்களைத் தானே அரைத்து வைத்துக்கொண்டு, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். இதைத் தடுக்க ஒவ்வொருவரின் கடவுச்சொல்லோடும் வெவ்வேறு எழுத்துகளைக் கலந்து அரைக்க வேண்டும். அந்தக் கலவைக்குத் துறையில் வழங்கும் பெயர் சால்ட், அதாவது உப்பு. லிங்க்ட்இன் 2012-இல் அந்த உப்பைப் போடவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம் ஊரில் சமையலுக்குச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்திப்போனது. அந்தப் பட்டியலில் ‘123456’ என்பதை ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். அதற்கு எவ்வளவு உப்புப் போட்டாலும் பயனில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் மின்னஞ்சல் முகவரி எந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்பதை, ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் பார்க்கலாம். கடவுச்சொல்லைச் சோதிக்கும் பகுதியும் அங்கே உண்டு. கடவுச்சொல்லைக் கொண்டுபோய் இன்னொரு தளத்தில் தட்டுவதா என்று நீங்கள் கேட்பது நியாயமே. அந்தப் பகுதி உங்கள் கணினியிலேயே ஹேஷைக் கணக்கிட்டு, அதன் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்பி, அந்த ஐந்தில் தொடங்கும் எல்லாவற்றையும் வாங்கிவந்து, உங்கள் கணினியிலேயே ஒப்பிட்டுக்கொள்கிறது. வேறு எந்தத் தளமாவது ‘உங்கள் கடவுச்சொல் பலமானதா பார்க்கலாம்’ என்று அழைத்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இனி, கசிவு உறுதியான பிறகு எதை முதலில் மாற்றுவது? பலரும் வங்கிக் கணக்குக்கு ஓடுகிறார்கள். நான் மின்னஞ்சலைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளும் ‘கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்’ என்று அழுத்தினால் வந்து நிற்கும் வாசல் அதுதான். கடவுச்சொல்லை மாற்றியதோடு எழுந்துவிடாதீர்கள். எந்தெந்தச் சாதனங்களில் கணக்குத் திறந்திருக்கிறது, மீட்புக்காகக் கொடுத்த தொலைபேசி எண் உங்களுடையதுதானா, கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஏதேனும் அமைப்பு இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். நண்பர் ஒருவர் கடவுச்சொல்லை இரண்டு முறை மாற்றியும் யாரோ உள்ளே வருவதாகப் புலம்பினார். அவருடைய ஜிமெயிலில் வடிகட்டிகள் பகுதியைத் திறந்து பார்த்தால், ‘வங்கி’ என்பதற்கான ஆங்கிலச் சொல் வரும் கடிதங்களை எல்லாம் அறிமுகமில்லாத முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே குப்பையில் போடும்படி ஒரு விதி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பூட்டை மாற்றியவர் பின்கதவைப் பார்க்கவில்லை.

புதிய கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்றால், நீளமாக, அந்த ஒரு கணக்குக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் @ போட்டு ஆண்டைச் சேர்ப்பதும், அடுத்த ஆண்டு வந்ததும் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதும் திருடர்களின் நிரல்களுக்கு மனப்பாடம். பாட்டின் முதல் அடியும் பழமொழியும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலக விதியை, அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே கைவிட்டுவிட்டது. கசிவு நடந்ததற்கு ஆதாரம் இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் நிலை. மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணைத்தான் கூட்டுவார்கள்.

ஐம்பது கணக்குக்கு ஐம்பது சொற்களை யாராலும் நினைவில் வைக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலிக்குக் கடவுச்சொல் பெட்டகம் என்று பெயர். நான் பிட்வார்டன் என்ற பெட்டகத்தைப் பயன்படுத்துகிறேன், முழுக்கத் தன் கணினியிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. இவையும் திருடனால் தொடவே முடியாத இடங்கள் அல்ல. 2022-இல், இதே போன்ற பெட்டகத்தை நடத்தும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களே திருடுபோயின. உள்ளே கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், தளங்களின் முகவரிகள் வெளிப்படையாகவே இருந்தன. ஆகவே பெட்டகத்தையே திறக்கும் தலைமைச் சொல் மட்டும் மிகவும் பலமாக இருக்க வேண்டும். நான் அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை திறந்து, விரல் பட்ட ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துக்கொண்டேன். அவற்றுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாததால் முதல் வாரம் தடுமாறினேன், இப்போது விரலே தட்டிவிடுகிறது.

கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது பூட்டையும் போட்டுவிடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி இல்லாததைவிட மேல், ஆனால் உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிடுபவனுக்கு அதுவும் போய்ச் சேரும். முப்பது வினாடிக்கு ஒருமுறை எண் மாறும் ஆத்தென்டிகேட்டர் செயலி அதைவிட நல்லது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ கைபேசியின் திரைப்பூட்டாலோ நுழையும் பாஸ்கீ வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் அது உண்மையான தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது. அவசரத்துக்கு கூகுள் கொடுக்கும் பத்து மாற்று எண்களை அச்செடுத்து, பீரோவில் பத்திரம், பட்டாவோடு வைத்துவிடுங்கள்.

மாற்ற முடியாதவை கசிந்தால் என்ன செய்வது என்பதுதான் கடினமான பகுதி. 2021-இல் ஏர் இந்தியா அறிவித்த கசிவில், உலகம் முழுவதும் ஏறத்தாழ 45 லட்சம் பயணிகளின் பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், கடவுச்சீட்டு விவரம் ஆகியவை இருந்தன. பிறந்த தேதியை யார் மாற்ற முடியும்? நாளைக்கு உங்களை அழைப்பவன் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லிவிட்டு ஓடிபி கேட்பான். விவரம் சரியாகச் சொன்னான் என்பது அவன் வங்கியிலிருந்து பேசுகிறான் என்பதற்கு அடையாளம் ஆகாது. பணம் போய்விட்டால், இந்தியாவில் இருப்பவர்கள் தயங்காமல் உடனே இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இதே காரணத்தால்தான் பாதுகாப்புக் கேள்விகளுக்கு நான் உண்மையான பதிலைக் கொடுப்பதில்லை. ‘தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப்பெயர்’ என்று கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது, அம்மாவுக்கு இருந்தது தாத்தா பெயரின் ஒற்றை எழுத்து. பிறந்த ஊர் எது என்றால் அது கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சாகியிருக்கிறது.

இப்போது அப்பாவின் நோட்டு. கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதக் கூடாது என்று அவரிடம் பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறேன், இப்போது போடுவதில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் எங்கள் வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. பெட்டகச் செயலி அவருக்குப் பழகவில்லை, நோட்டு பழகியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சொல், மாற்றிய தேதியோடு அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. பக்கங்களைக் காட்ட மாட்டேன், அட்டையை மட்டும் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் ‘பிறந்த ஊர்’ என்ற கேள்விக்கு ஒரு பெயர் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பொய்’ என்று குறித்திருக்கிறார். அது எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை, ஆனால் அங்கே போக பேருந்து கிடையாது.