கைப்புண்ணும் கண்ணாடியும்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவக் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் என் ஆசான் அவர்களே, சங்கச் செயலாளர் அவர்களே, சீரியலை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, மைக்கைச் சரிசெய்து தந்த தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. புத்தகமாகத் தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

குடலில் புற்றுநோயால் அல்லாமல் வரும் ஃபிஸ்டுலாவுக்கு வயிற்றைத் திறப்பதா, சிறு துளை போட்டு, கேமராக் குழாய் விட்டுத் திரையில் பார்த்தபடி லேப்ராஸ்கோப்பியில் செய்வதா? மூன்று செய்திகள் சொல்கிறேன். ஃபிஸ்டுலா என்றதும் பவுத்திரத்தை நினைக்காதீர்கள். இது உள்ளுக்குள் விழும் கள்ளவழி. பெருங்குடலில் சிறு பைகள் பிதுங்கிச் சீழ் பிடித்து, பக்கத்துச் சிறுநீர்ப்பையில் ஒட்டி ஓட்டை போட்டுவிடும்.

என்னிடம் ஒரு லாரி டிரைவர் வந்தார். 58 வயது. எட்டு மாதமாக நீர்க்கடுப்பு, மாத்திரை மேல் மாத்திரை. நானே இரண்டு முறை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் முறை கூட வந்த மனைவி சொன்னார்: "டாக்டரய்யா, இவரு ஒண்ணுக்குப் போனா சோடா பாட்டில் தெறந்தாப்ல புஸ்ஸுன்னு சத்தம் வருது. சொல்ல வெக்கப்படறாரு." மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் 'புஸ்'தான் நோய்! சிறுநீரோடு காற்று வருகிறது. சிடி ஸ்கேன் எடுத்தால் சிறுநீர்ப்பைக்குள் கறுப்பாக ஒரு காற்றுக் குமிழி.

'கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?' 1991இல் பெருங்குடலை லேப்ராஸ்கோப்பியில் வெட்டியெடுத்த செய்தி வந்தபோது என் ஆசான் கேட்டது இது. (அதோ, சிரிக்கிறார்.) திறந்து செய்தால் ஒட்டிக் கிடப்பதை விரலாலேயே பிரிக்கலாம் என்பார். நியாயம்தான். ஆனால் புண் கையில் இல்லையே, அடிவயிற்றுக் குழியில் அல்லவா இருக்கிறது! முதல் செய்தி: துளையில் செய்தால் வலி குறைவு, காயத்தில் சீழ் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். நேரம் மட்டும் கூடப் பிடிக்கும். உள்ளே வேலை இரண்டிலும் ஒன்றே: கெட்ட குடலை வெட்டி நல்ல முனைகளைச் சேர்ப்பது, சிறுநீர்ப்பைக்கு ஒரு வாரம், பத்து நாள் டியூப். ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டியவை. லேசான கேஸ் துளைக்கும் கடினமான கேஸ் கத்திக்கும் போயிருந்தால் துளைதானே ஜெயிக்கும்? இது இரண்டாவது செய்தி.

நம் டிரைவருக்குத் துளையில்தான் தொடங்கினோம். இரண்டு மணி நேரம் போராடியும் ஒட்டல் விடவில்லை, திறந்தோம். அது தோல்வி அல்ல, விவேகம். மறுநாள் வயிற்றைத் தடவிப் பார்த்தவர், "ஓட்டைதான்னு சொன்னீங்களே, ஏமாத்திட்டீங்களே!" என்றார். தேவைப்பட்டால் திறப்போம் என்று அவர் ஒப்புதல் கொடுத்த படிவத்திலேயே இருந்தது. இங்கிலீஷில்! கீழே தமிழில் கையெழுத்து. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், ஐயா. வயிற்றுக்குள் நடப்பதற்கு வேண்டாமா? பத்து வருஷமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன்: ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும்.

மூன்றாவது செய்தி செலவு. அதற்குள் நேரமாகிவிட்டதென்று தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. முதல்வர் அவர்களே, இதோ ஒரே பக்கப் படிவம், தமிழில். 'துளையில் முடியாவிட்டால் வயிற்றைத் திறப்போம்' என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. படம் என் பேத்தி வரைந்தது. குடல் கொஞ்சம் முறுக்கு மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.