அமெரிக்க நீதிமன்றச் சுருக்கெழுத்தருக்குப் பக்கக் கணக்கில் பணம்

வணக்கம். பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். தட்டச்சில் ஹையரும் சுருக்கெழுத்தும் தேறிவிட்டு நீதிமன்ற வேலையை எதிர்பார்த்திருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர், அமெரிக்காவில் ஸ்டெனோவுக்குச் சம்பளமும் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாகவும் கொடுக்கிறார்களாமே, அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில், அதாவது மாநிலங்களுடையவை அல்லாத, அமெரிக்க மத்திய அரசின் நீதிமன்றங்களில், அது உண்மைதான்.

நம் நீதிமன்றத்தில் சாட்சி கூண்டில் ஏறி, "அவன் அங்ஙனதான் நின்னாம்யா" என்பார். நீதிபதி அதைச் சீராக்கி, "எதிரி அவ்விடத்தில் நின்றிருந்தார்" என்று சொல்லச் சொல்லத் தட்டச்சாகும். எதிரி என்றால் நீதிமன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர். குறுக்கு விசாரணையில் வக்கீல் கேட்ட கேள்வி பெரும்பாலும் தாளில் ஏறாது. "நான் சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்ற விடை மட்டும் நிற்கும். அன்றைக்கு 5 பக்கம் அடித்தாலும் 50 பக்கம் அடித்தாலும் தட்டச்சருக்கு அதே மாதச் சம்பளம்தான். நகல் மனு போட்டு நாம் கட்டும் கட்டணம் அரசுக் கணக்குக்குப் போகிறது.

அங்கே கேள்வியும் பதிலும், இடையில் வரும் ஆட்சேபணையும், சொன்னது சொன்னபடியே பதிவாக வேண்டும். அதற்கென்று ஒரு தனி விசைப்பொறி இருக்கிறது. தேசிய அளவிலான சான்றிதழ்த் தேர்வில் கேள்வி பதிலை நிமிடத்துக்கு 225 சொல் வேகத்தில், 95 சதவீதம் பிழையின்றி எடுக்க வேண்டும். சம்பளம் என்பது நீதிமன்றத்தில் உட்கார்ந்து இப்படிப் பதிவெடுப்பதற்கு. அதை விரித்து, படிக்கும்படியான ஆவணமாக ஆக்கித் தருவதற்கு, யார் கேட்கிறார்களோ அவர்கள் தனியே பணம் தர வேண்டும். வசதியற்ற எதிரிக்காகத் தயாரிக்கப்படும்போது அரசே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது.

2024 அக்டோபரிலிருந்து உள்ள உச்ச வரம்பைச் சொல்கிறேன். 30 நாளில் தந்தால் பக்கத்துக்கு 4.40 டாலர், ஒரு வாரத்தில் என்றால் 5.85, மறுநாளே என்றால் 7.30, இரண்டு மணி நேரத்தில் என்றால் 8.70. ஒரு நாள் விசாரணை 200 பக்கம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், 30 நாள் விலையில் 880 டாலர். அதையே மறுநாள் காலையில் வக்கீல் கையில் கொடுக்க வேண்டுமானால் 1,460 டாலர்.

பக்கத்துக்கு விலை என்றால், வரியை அகலமாக விட்டு, எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தைப் பெருக்கலாமே என்று நம்மவர்கள் உடனே யோசிப்பீர்கள். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு 25 வரி என்றும், ஓரத்தில் எவ்வளவு இடம் விடலாம், ஓர் அங்குலத்தில் எத்தனை எழுத்து வர வேண்டும் என்றும் விதித்துவிட்டார்கள்.

சம்பளத்துக்கு மேல் இது அதிகப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதுபொருள் செலவைச் சுருக்கெழுத்தரே ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிழைதிருத்த ஆள் வைத்தால் அந்தக் கூலியும் பெரும்பாலும் அவர் பையிலிருந்துதான். நீதிமன்றப் பதிவேட்டுக்கு ஒரு பிரதியை இலவசமாகவும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பிரதியை எல்லாரும் உடனே இணையத்தில் எடுத்துக்கொண்டால் இவரிடம் காசு கொடுத்து வாங்க ஆள் இராது. முதல் 90 நாள் அதை நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய்க் கண்ணால் பார்க்கலாம். பிரதி வேண்டுமென்றால் இவரிடம்தான் வாங்க வேண்டும். அதன் பிறகுதான் பொதுமக்களுக்கு இணையத்தில் திறக்கிறது.

காலம் தவறினால் பணமும் குறையும். ஒரு வாரத்தில் தருவதாக ஒப்புக்கொண்டு இரண்டு வாரம் ஆக்கினால் இரண்டு வாரத்துக்குரிய விலைதான் கிடைக்கும். மேல்முறையீட்டுக்கான பிரதி 30 நாளைத் தாண்டினால் 90 சதவீதமும், 60 நாளைத் தாண்டினால் 80 சதவீதமும்தான் வாங்கலாம். நகல் மனு போட்டுவிட்டு நடையாய் நடந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை நன்றாகவே புரியும்.